மாருத் நிற்கும் முற்றம்

சென்னை மாநகரிலே முதன்முதலாக ஆகாய விமானம் ஒன்று தரையை விட்டு எழும்பியது 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அதைச் செய்து பறக்கவிட்டவர் போர்வீரரும் அல்லர், பொறியியல் அறிஞரும் அல்லர். மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்னும் பெயருடையவர், கோர்சிகாத் தீவினர். தாமே வரைந்த படத்தைக் கொண்டு, அதே சாலையில் குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியின் பட்டறையில் அவர் தம் விமானத்தைச் செய்வித்தார். பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுச் சோதித்தபின், தீவுத் திடலிலே கட்டணம் வைத்து மக்களுக்குக் காட்டினார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்து ஏழாண்டுகள்கூட ஆகவில்லை. அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைச் சுமந்து யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்ததும், உலகின் முதல் விமானத் தபால் என்று அது பெயர் பெற்றதும் 1911 பிப்ரவரி 18-இல்தான். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, வண்டி கட்டும் பட்டறையொன்றில் சென்னைத் தச்சரும் கொல்லரும் ஒரு விமானத்தின் உடலை இழைத்து முடித்திருந்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இச்செய்தியை நான் முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு என் குடும்பத்தாருடன் பெங்களூரிலுள்ள விமானக் காட்சிச்சாலையைக் காணச் சென்றிருந்தேன். அங்கே கண்டவற்றைப் பற்றியும், அவற்றால் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியுமே இன்று நேயர்களுடன் பேச எண்ணுகிறேன். அக்கேள்வியைக் கேட்டவன் ஏழாம் வகுப்பிற் படிக்கும் என் பேரன். விடை காண முயன்றபோதுதான், அது டி ஆஞ்சலிஸ் காலந்தொட்டு நம்மைப் பின்தொடர்ந்து வரும் கேள்வி என்பது எனக்குத் தெளிவாயிற்று.

நான் குடியிருப்பது ஆவடி. ஆவடி என்றவுடன் முதியவர்களுக்கு 1955 ஜனவரியில் அங்கு நடந்த காங்கிரசு மகாசபையும், சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானமும் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு டாங்கித் தொழிற்சாலை நினைவுக்கு வரும். ஊரின் பெயருக்கே படைத்துறை சார்ந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து விளக்கம் கூறுவாரும் உளர். ஆசிரியர்கள் சிலரும் அதை வகுப்பறையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிடங்கும் தொழிற்சாலையும் வருவதற்கு முன்பே ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது. பிற்காலத்தில் யாரோ வேடிக்கையாகக் கட்டிய விளக்கம் அது, பாடமாகச் சொல்லத்தக்கதன்று.

படைத்துறையோடு நம் வட்டாரத்திற்கு உள்ள உறவு இரண்டாம் உலகப் போரில் தொடங்கியது. அப்போது ஆவடி பெரியதொரு படைத் தளமாயிற்று. ஆனால் ஆவடிக்கு வடகிழக்கே, செங்குன்றம் ஏரியிலே நடந்ததை இன்று சொன்னால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். அந்த ஏரியின் நீர்ப்பரப்பே ஒரு விமான நிலையமாக இருந்தது! பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆவது அணியைச் சேர்ந்த காட்டலினா என்னும் பறக்கும் படகுகள் அங்கிருந்து எழும்பி, வங்கக் கடலின்மேல் நெடுந்தொலைவு சுற்றி வந்து, பகைவரின் நீர்மூழ்கிகளைத் தேடின. படகைப் போன்ற அடிவயிறும், தலைக்குமேல் ஒரே நீண்ட இறக்கையும், அதில் இரண்டு எஞ்சின்களும் உடையவை அவை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று இரவில் வந்து சென்னையின்மீது குண்டு வீசிச் சென்ற காலம் அது. அருகிலிருந்த சோழவரத்திலும் ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்தபின் அதில் விமானம் இறங்கவில்லை. மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயச் சாலை வந்ததும் அவையும் நின்றன.

பெங்களூர் செல்லும் வண்டிகள் ஆவடி வழியாகவே செல்கின்றன. ஆனால் நாங்கள் சீட்டு வாங்கிய வண்டி ஆவடியில் நிற்பதன்று. ஆதலால் மின்சார ரயிலில் கிழக்கு நோக்கிச் சென்ட்ரலுக்குப் போய், அங்கே பெரிய வண்டியில் ஏறி, மறுபடியும் மேற்கு நோக்கி எங்கள் ஊரையே கடந்து போனோம். வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டருகே வந்து சேர்ந்தது குறித்து என் மனைவி ஏதோ சொன்னாள்; அது வானொலிக்கு உரியதன்று.

காட்சிச்சாலை, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2001 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பழைய விமான நிலையச் சாலையில், மரங்கள் அடர்ந்த தோட்டத்தினிடையே அமைந்திருக்கிறது. பயணிகள் விமானங்கள் 2008-இல் தேவனஹள்ளிக்கு மாறிய பின்பும் பழைய ஓடுதளத்தில் சோதனைப் பறப்புகள் நடைபெறுகின்றன. ஆகவே, ஓய்வு பெற்ற விமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பணியிலுள்ள விமானம் ஒன்று தலைக்குமேல் இடி முழக்கத்தோடு செல்வதும் உண்டு. என் பேத்தி காதைப் பொத்திக்கொண்டாள்; பேரன் பொத்திக்கொள்ளவில்லை.

அந்நிறுவனத்தின் தோற்றம் தனியே சொல்லத்தக்கது. வால்சந்த் ஹீராசந்த் என்ற பம்பாய்த் தொழிலதிபர், கப்பல் கட்டவும் மோட்டார் செய்யவும் முனைந்தவர், வில்லியம் பாலி என்னும் அமெரிக்கருடன் கூடி இந்தியாவில் விமானத் தொழிற்சாலை அமைக்க விரும்பினார். மைசூர் சமஸ்தானமும் திவான் மிர்ஸா இஸ்மாயிலும் ஆதரவு தந்தனர். 1940 டிசம்பர் 23-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1941-இல் ஹார்லோ என்ற சிறு பயிற்சி விமானம் அங்கிருந்து பறந்தது. 1942-இல், போர் நெருக்கடியில், அரசாங்கமே நிர்வாகத்தை ஏற்றது. பின்னர் அமெரிக்கப் படையினர் அதனைத் தம் விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறையாகப் பயன்படுத்தினர். அப்போது காட்டலினாப் பறக்கும் படகுகள் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் இறங்கிப் பழுது பார்க்கப்பட்டன. செங்குன்றம் ஏரி எங்கே, பெல்லந்தூர் ஏரி எங்கே! நம் முன்னோர் குடிக்கவும் பாசனத்துக்கும் வெட்டிவைத்த ஏரிகள் வல்லரசுகளின் போருக்கு ஓடுதளம் ஆயின.

உள்ளே இரண்டு மண்டபங்கள். ஒன்றில் நிறுவனத்தின் வரலாற்றைக் கூறும் படங்கள் வரிசையாக உள்ளன. அங்கே வி. எம். காட்கே என்ற பேராசிரியரைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சற்று நின்று சொன்னேன். ஜெர்மனியில் கொட்டிங்கன் நகரிலே, காற்றோட்டவியலின் தந்தையென மதிக்கப்படும் பிராண்டலிடம் பயின்றவர் அவர். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942-இல் விமானவியல் துறை தொடங்கியபோது அங்கே கற்பித்தார். அவர் தலைமையில் வரையப்பட்ட எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. இந்தியர் தாமே வரைந்து தாமே செய்த அவ்விமானத்தில் நம் விமானிகள் பல தலைமுறையினர் பறக்கக் கற்றனர். பிராண்டலின் வகுப்பறையில் ஒரு மாணவர் எழுதிக்கொண்ட குறிப்பு, இருபதாண்டுக்குள் பெங்களூரில் இறக்கையாக விரிந்தது. ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்கு இதில் மகிழ்ச்சி உண்டாவதை நேயர்கள் பொறுத்தருள்க.

மற்றொரு மண்டபம் எஞ்சின்களுக்குரியது. வெளியே திறந்த முற்றத்தில் விமானங்கள் நிற்கின்றன. பெரும்பாலோர் முற்றத்துக்கே விரைகிறார்கள். எஞ்சின் மண்டபத்தில் கூட்டம் குறைவு. விமானம் அழகுடையது, எஞ்சினோ குழாயும் கம்பியும் தகடுமாக, யாரையும் தன்னோடு படம் எடுத்துக்கொள்ள அழைப்பதில்லை. ஆனால் நான் சொல்லப்போகும் கதையின் துன்பம் முழுவதும் அந்த ஆளில்லா மண்டபத்தைச் சேர்ந்தது.

முற்றத்தில் எல்லாவற்றினும் பார்க்க என் பேரனைக் கவர்ந்தது மாருத் என்ற போர் விமானம். கூர்ந்த மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, இடைசிறுத்த உடல். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பைக் குறைக்கவே இடை சிறுத்திருக்கிறது என்று அவனுக்கு விளக்கினேன். அருகில் மிக்-21 நின்றது. அதன் பெயரை அவன் அறிவான். 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் அதற்கு விடைகொடுத்த விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தான். மாருத்தின் பெயரை அவன் கேட்டதில்லை. சுற்றிச் சுற்றி வந்தவன் கேட்டான்: "தாத்தா, இது நாமே செய்த விமானம் என்கிறீர்கள், அது ரஷ்யாவிலிருந்து வந்த விமானம் என்கிறீர்கள். அது அறுபது வருஷத்துக்கு மேல் பறந்தது. நாமே செய்தது ஏன் சீக்கிரம் நின்றுவிட்டது?"

அருகிலிருந்த என் மகன், "எஞ்சின் சரியில்லை" என்று ஒரே சொற்றொடரில் முடித்துவிட்டான். விடை சரிதான், ஆனால் தேர்வில் அதற்கு மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வராது. நிழலில் ஒரு பெஞ்சியில் அமர்ந்து கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன்.

குர்ட் டாங்க் என்பவர் ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற போர் விமானத்தை வரைந்தவர். ஜெர்மனி தோற்றபின் அர்ஜென்டினாவுக்குச் சென்று அங்கே ஜெட் விமானம் ஒன்றை உருவாக்கினார். 1956-இல், நேருவின் அரசு அழைக்க, தம் உதவியாளர் சிலருடன் பெங்களூர் வந்து சேர்ந்தார். அவரிடம் கேட்டது சிறியதன்று: ஒலியினும் இருமடங்கு வேகத்தில் பறக்கும் ஆற்றலுள்ள போர் விமானம். அப்போது எந்த ஆசிய நாடும் அத்தகையதொன்றைத் தானே வரைந்து செய்ததில்லை. எச்.டி.-2 என்னும் சிறு பயிற்சி விமானத்திலிருந்து இதற்குத் தாவுவது, நான்காம் வகுப்பு மாணவனைப் பட்டப்படிப்புத் தேர்வில் உட்கார வைப்பது போன்றது.

உட்கார வைத்தார்கள், அவனும் எழுதினான். 1959-இல் எஞ்சினே இல்லாத மரவிமானம் ஒன்றை முழு அளவில் செய்தனர். டக்கோட்டா விமானத்தின் பின்னே கயிற்றால் கட்டி இழுத்துச் சென்று மேலே விட்டுவிட, அது காற்றில் மிதந்து இறங்கியது. பன்முறை இவ்வாறு மிதக்கவிட்டு, இறக்கையின் குணங்களைக் கற்றார்கள். 1961 ஜூன் 17-இல் உண்மையான மாருத் எழும்பியது. அதை ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ்.

உடல் நன்றாக அமைந்தது என்பதே அறிந்தோர் கருத்து. ஆனால் அந்த உடலுக்கென மனத்தில் வைத்திருந்த எஞ்சின் வரவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனத்தார் ஆர்ஃபியூஸ்-12 என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினின் வால்புறத்தில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்தி விசையைக் கூட்டும் அமைப்பு அதற்கு உண்டு. அத்தகைய இரண்டு எஞ்சின்களை நம்பியே டாங்க் உடலை வரைந்தார். ஐரோப்பாவில் அதற்கு வாங்குவோர் இல்லாது போகவே, பிரிட்டிஷார் அம்முயற்சியை நிறுத்தினர். தொடர வேண்டுமாயின் செலவை இந்தியா ஏற்கவேண்டும் என்றனர். இந்தியா ஏற்கவில்லை. க்னாட் என்ற சிறு விமானத்துக்காகப் பெங்களூரில் செய்துவந்த பழைய ஆர்ஃபியூஸ் வகையையே இரண்டாகப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் தரக்கூடிய விசை ஏறத்தாழ 4,850 பவுண்டு. வேண்டியிருந்ததோ பின்னெரிப்புடன் எட்டாயிரத்துக்கு மேல். ஒலியின் வேகத்தை எட்டுவதற்கே மாருத் முயன்று பறக்கவேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் என் மனைவி, இதுவரை காதில் வாங்காதவள் போல் இருந்தவள், "பெரிய அடுப்பு வரும் என்று அண்டா வாங்கினார்கள்; வந்தது சிறிய அடுப்பு; அவ்வளவுதானே?" என்றாள். பேரனுக்கு என் விளக்கத்தைக் காட்டிலும் இது நன்றாகப் புரிந்தது.

அன்றைய அரசு அச்செலவை ஏற்க மறுத்ததைப் பலர் இன்று கடிந்து எழுதுகிறார்கள். எனக்கும் வருத்தமே. ஆயினும் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கவேண்டும். 1957-58-இல் நம் அந்நியச் செலாவணி கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. உருக்கு ஆலைகளுக்கும் அணைகளுக்கும் பணம் தேவைப்பட்டது. பட்டினியையும் பின்னெரிப்பையும் ஒரே தராசில் நிறுத்தவேண்டிய நிலையில் இருந்தவர்களை, எழுபதாண்டு கழித்து உண்டு உடுத்து உட்கார்ந்து குறை சொல்வது எளிது. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. எஞ்சின் உறுதியாகாமலே உடலை வரையத் தொடங்கிய துணிவு ஒருபுறம் இருக்க, எஞ்சின் கிடையாது என்று தெரிந்தபின் நாமே ஒன்றைச் செய்வதற்கு உரிய அளவு ஆளும் பணமும் காலமும் உடனே ஒதுக்கவில்லை. அது வறுமையினால் மட்டும் நேர்ந்ததன்று. எஞ்சினைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் அதிலே உண்டு.

கடை கடையாகத் தேடினார்கள். எகிப்து நாட்டில் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியப் பொறியறிஞர் நாசரின் அரசுக்காக ஓர் எஞ்சின் செய்துகொண்டிருந்தார். அதை ஏற்பதற்காக மாருத் ஒன்று எகிப்துக்கே அனுப்பப்பட்டது. ஒரு பக்கம் ஆர்ஃபியூஸும் மறு பக்கம் எகிப்திய எஞ்சினுமாக, 1967-இல் ஹெல்வான் என்னுமிடத்தில் அது பறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் இஸ்ரேலோடு நேர்ந்த போரில் எகிப்து பெருந்தோல்வி அடைந்தது. 1969-இல் அந்த எஞ்சின் முயற்சி கைவிடப்பட்டது. நம்மவர் வெறுங்கையோடு திரும்பினர். இரண்டு ஏழை நாடுகள், ஒன்றிடம் உடலும் மற்றொன்றிடம் எஞ்சினும் வைத்துக்கொண்டு, நைல் நதிக்கரையில் சேர்ந்து பறக்க முயன்ற இந்நிகழ்ச்சி நம் பாடநூல் எதிலும் இடம்பெற்றதாக நான் அறியேன்.

மூன்றாவது வழி, கையிலிருந்த ஆர்ஃபியூஸுக்கே பின்னெரிப்பு அமைத்தல். பெங்களூரிலிருந்த எஞ்சின் ஆராய்ச்சியாளர்கள் அதைச் செய்தார்கள். அவ்வாறு விசை கூட்டிய மாருத் ஒன்றை எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 10-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் எழும்பினார். எழும்பிய சிறிது நேரத்தில் விமானம் வீழ்ந்து மாண்டார். 1961-இல் மாருத்தை முதன்முதல் வானுக்கு ஏற்றியவரும் அவரே. 1964-இல் கிரண் பயிற்சி விமானத்தை முதன்முதல் ஓட்டியவரும் அவரே. காலையில் எங்கள் ஆட்டோ திரும்பிய சாலை அவர் பெயரைத் தாங்கியது. பெயர்ப்பலகையைப் பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தபோது, ஏதோ அரசியல் தலைவர் என்று எண்ணி யாரும் கேட்கவில்லை. கதையில் இவ்விடம் வந்ததும் பேரன், "காலையில் பார்த்தோமே, அந்தத் தாஸா?" என்றான். ஆமென்றேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

சோதனை விமானியின் தொழில் விந்தையானது. வரைபடத்திலுள்ள பிழைகளில், கணக்கிலே அகப்படாதவற்றைத் தன் உடம்பைக் கொண்டு கண்டறிவது அவன் வேலை. பிழை இல்லையென்றால் அவன் பெயர் வெளியே தெரிவதில்லை.

மாருத்தைத் தோல்வி என்று சொல்வாரோடு நான் உடன்படேன். 147 விமானங்கள் செய்யப்பட்டன. மூன்று அணிகள் அவற்றைப் பயன்படுத்தின. 1971 டிசம்பர்ப் போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைப்படைக்கு உதவியாக அவை பறந்தன. தாழப் பறக்கையில் அவை உறுதியாக நின்றன என்று ஓட்டியவர்கள் போற்றியிருக்கிறார்கள். ஓர் எஞ்சின் அடிபட்ட பின்னும் மற்றதன் துணைகொண்டு தளம் வந்து சேர்ந்தவை உண்டு. வான்சண்டையில் பகைவரிடம் ஒரு மாருத்தும் வீழவில்லை. ஸ்குவாட்ரன் லீடர் பக்ஷி டிசம்பர் 7-இல் பகைவரின் சேபர் விமானம் ஒன்றை வீழ்த்தினார். அப்போது நான் பள்ளி மாணவன். க்னாட்டின் புகழை நாங்கள் வாய் ஓயாமல் பேசினோம். மாருத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் இல்லை. 1962-இல் சோவியத் நாட்டோடு செய்த உடன்பாட்டின்படி மிக்-21 வந்து, நாசிக்கிலும் கோராபுட்டிலும் ஹைதராபாத்திலும் அதற்கெனத் தொழிற்சாலைகள் எழுந்தபின், மாருத்துக்குப் புதிய எஞ்சின் தேடும் ஊக்கம் குன்றியது. 1990 வாக்கில் கடைசி மாருத்தும் ஓய்வு பெற்றது.

ஏன் சீக்கிரம் நின்றுவிட்டது என்ற கேள்விக்கு இதுவே என் விடை. அதைச் சொல்லி முடித்தபின் அனைவரையும் எழுப்பி மறுபடியும் எஞ்சின் மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். இம்முறை பேரன் அங்கே நெடுநேரம் நின்றான். முன்னே காற்றை இழுத்து அமுக்கும் தகடுகள், நடுவே எரியும் அறை, பின்னே வெப்பக் காற்றால் சுழலும் சக்கரம் என்று ஜெட் எஞ்சினின் கொள்கையை ஒரு கரும்பலகையில் வரைந்துவிடலாம். செய்வதுதான் கடினம். எரியும் அறையிலிருந்து வரும் காற்றின் வெப்பம், அதன் எதிரே சுழலும் உலோக இதழ்களின் உருகுநிலையையே தாண்டியது. இதழுக்குள் நுண்ணிய துளைகளிட்டுக் குளிர்காற்றைச் செலுத்தி, அவை உருகாமல் காக்கிறார்கள். ஒரே படிகமாக வார்த்த உலோகத்தால் அவ்விதழ்களைச் செய்யும் வித்தையை அறிந்த நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை அதைப் பிறருக்கு எளிதில் கற்பிப்பதில்லை. உடலை வரையும் கலை நூல்களில் உண்டு. உலோகத்தின் மருமமோ உலைக்கூடத்திலேயே தங்கிவிடுகிறது.

நம் நாட்டார் புகழும் டாக்டர் அப்துல் கலாமும் இந்தப் பாதையில் வந்தவர்தாம். குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் சேர்ந்தபோது, மாணவர் பார்ப்பதற்காக அங்கே ஓய்வு பெற்ற விமானங்கள் இரண்டு நிறுத்தப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவர் அவற்றின் அருகே அமர்ந்திருப்பாராம். அவற்றின் ஈர்ப்பினால் விமானவியலைத் தேர்ந்தெடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். படித்து முடித்துப் பயிற்சிக்குச் சென்றது இதே பெங்களூர் நிறுவனத்துக்கு. அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது. காட்சிச்சாலை என்பது விடுமுறைப் பொழுதுபோக்கு என்று எண்ணும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவைக்க விரும்புகிறேன். அக்கழகத்தில் நின்றவை இரண்டு பழைய விமானங்களே. கட்டணச் சீட்டும் இல்லை, சிற்றுண்டிச் சாலையும் இல்லை.

மாருத்துக்குப் பின் நாம் வரைந்த போர் விமானம் தேஜஸ். 2001 ஜனவரி 4-இல் முதன்முதல் பறந்தது. இம்முறை எஞ்சினையும் நாமே செய்வதென்று 1989-லேயே முடிவு செய்து, அதற்குக் காவேரி என்று பெயரும் இட்டார்கள். ஆண்டுகள் பல உழைத்தும் வேண்டிய விசை கைகூடவில்லை. 2008-இல் காவேரியைத் தேஜஸிலிருந்து பிரித்தார்கள். தேஜஸ் அமெரிக்க எஞ்சினால் பறக்கிறது. 1970-இலும் பின்னெரிப்பு, 2008-இலும் பின்னெரிப்பு! எனினும் இரண்டும் ஒன்றல்ல. காவேரி எஞ்சின் உண்மையில் ஓடியது; ரஷ்யாவிலே பெரிய விமானம் ஒன்றின் இறக்கையில் பொருத்தி வானத்திலும் ஓட்டிக் காட்டினார்கள். உலோக வார்ப்பில் கற்ற பாடங்கள் வீணாகவில்லை.

என் பேரன் தேஜஸைப் பற்றிக் கேட்டபோது ஆவடியைப் பற்றிய பேச்சு வந்தது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும், அர்ஜுன் டாங்கி உருவானதும் அவன் அறிந்தவையே. எஞ்சின் நோய் அங்கும் உண்டு: அர்ஜுனின் எஞ்சின் ஜெர்மனியில் செய்தது. ஆவடியிலேயே எஞ்சின் தொழிற்சாலை ஒன்று 1987 முதல் இயங்குகிறது. ரஷ்ய முறைப்படி அமைந்த டாங்கி எஞ்சின்களை அங்கே செய்கிறார்கள். ஆனால் அவன் அறியாத ஒன்றை என் மகன் சொன்னான். டாங்கிகளை வரையும் ஆவடி ஆராய்ச்சி நிலையத்தார், தேஜஸுக்காக ஒரு பற்சக்கரப் பெட்டியை வரைந்து செய்திருக்கிறார்கள். எஞ்சினின் சுழற்சியை வாங்கி, மின்சாரம் உண்டாக்கும் பொறிக்கும் எண்ணெயை அழுத்தும் பொறிக்கும் பகிர்ந்தளிப்பது அது. எஞ்சினை முதலில் கிளப்புவதற்கும் அதன் வழியாகவே விசை செல்கிறது. டாங்கியின் பற்சக்கரம் கனத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை. விமானத்தினுடையதோ ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குச் சொல்லவேண்டும். நிலத்தில் ஊரும் ஐம்பது டன் எந்திரத்துக்கு வேலை செய்து பழகிய கைகள் இதையும் செய்தன. பேரன் இதைக் கேட்டுச் சிறிது நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்பெட்டி இந்தக் காட்சிச்சாலையில் எங்கேனும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவேண்டும் என்றான். தேடினோம், எங்கள் கண்ணில் படவில்லை.

தேஜஸின் புதிய வகையில் 83 விமானங்கள் செய்ய 2021-இல் அரசு ஆணையிட்டது. அதே ஆண்டில் அவற்றுக்கென 99 எஞ்சின்கள் அமெரிக்க நிறுவனத்திடம் கேட்கப்பட்டன. முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. அதுவரை பெங்களூரில் விமான உடல்கள் எஞ்சினுக்காகக் காத்து நின்றன. குர்ட் டாங்க் இந்தியாவை விட்டுத் திரும்பி, 1983-இல் ஜெர்மனியில் காலமானார். மியூனிக் நகருக்கு அருகே ஷ்லைஸ்ஹைம் என்னும் ஊரில், ஜெர்மானியரின் விமானக் காட்சிச்சாலையில், அவர் பெங்களூரில் வரைந்த மாருத் ஒன்று இன்றும் நிற்கிறது. கடல் கடந்து அங்கே செல்லும் தமிழர்கள் அதைக் காணலாம். அதற்குள்ளும் இருப்பவை ஆர்ஃபியூஸ் எஞ்சினுக்கான கூடுகளே.